டிரையர் சத்தம் போட்டால்: எந்தச் சத்தம், எந்தக் கோளாறு

சேலத்தில் மொட்டை மாடியும் வெயிலும் இருக்கும்வரை துணி காயவைக்க மெஷின் தேவைப்படாது. சித்திரையில் கொடியில் போட்ட வேட்டி, கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு போய்விட்டால் கதை வேறு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கொடியில் போட்ட போர்வை மூன்று நாளானாலும் சில்லென்றுதான் இருக்கும், அப்புறம் மக்கின வாடை அடிக்கத் தொடங்கும். அதனால்தான் மலையில் பல வீடுகளிலும், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடமும் டிரையர் இருக்கிறது. நான் பழுது பார்க்கப் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மலையில் டிரையருக்கு வேலை சீராக வராது. வெயில் காலம் முழுக்க மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கும். மழை பிடித்ததும் படுக்கை விரிப்பு, டவல், ஸ்வெட்டர் என்று காலை முதல் இரவு வரை ஓய்வே இருக்காது. சும்மா கிடந்த காலத்தில் ரப்பர் இறுகியிருக்கும், இரும்பில் துரு ஏறியிருக்கும், உள்ளே தங்கிய பஞ்சு ஈரம் குடித்துக் கட்டி தட்டியிருக்கும். ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சத்தம் வருவது இதனால்தான்.

டிரையரில் தேய்மானம் முதலில் காதுக்குத்தான் தெரியும். துணி நன்றாகக் காய்ந்துகொண்டிருக்கும்போதே சத்தம் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்த்தால் ரோலர், பெல்ட், புல்லி என்று சின்னச் சாமானோடு முடியும். "காயத்தான் செய்யுதே, ஓடட்டும்" என்று விட்டால் அது டிரம்மைத் தின்னும், பிறகு மோட்டாரைத் தின்னும். அதனால் சத்தத்தை வகை பிரித்துக் கேட்கப் பழகுங்கள். எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சத்தமே சொல்லிவிடும்.

இங்கே எழுதியிருப்பது தனியாக இருக்கும், சூடான காற்றில் துணி உலர்த்தும் டிரையருக்கு. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணி பிழியும் தொட்டியையும் டிரையர் என்றுதான் சொல்கிறோம். அதற்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

கை வைக்கும் முன்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் வெளியே வந்து, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும். ஓடி முடித்த டிரையரில் ஹீட்டர் நல்ல சூட்டில் இருக்கும், அரை மணி நேரம் ஆறட்டும். உள்ளே இருக்கும் தகட்டு ஓரங்கள் விரலை அறுத்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதன் முனைகளைத் தொடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் உரசிப் பொறி பறக்கவிடும் வழக்கமும் வேண்டாம்.

வாரண்டி முடியாத மெஷினின் மூடியைத் திறக்காதீர்கள். ஹீட் பம்ப் மாடலாக இருந்தால் உள்ளே ஃபிரிட்ஜில் இருப்பது போல கம்ப்ரசரும் கேஸ் குழாயும் இருக்கும். அந்தப் பகுதி பயிற்சி உள்ளவர்களுக்கு உரியது. மற்றபடி வெளியே காற்றைத் தள்ளும் சாதாரண வென்டட் மாடல் எளிமையான மெஷின். ஒரு மோட்டார், அதன் ஒரு முனையில் டிரம்மைச் சுற்றும் பெல்ட், மறு முனையில் காற்றாடி, காற்று போகும் வழியில் ஹீட்டர். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஸ்பேனர் செட்டும் இருந்தால் பாதி வேலை ஆகிவிடும். ஒவ்வொரு மூடியையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திறக்காமலே பார்க்க வேண்டியவை

முதலில் துணி இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் மெஷினில் குறையில்லை, போட்ட துணியில்தான் ஏதோ இருக்கிறது.

அடுத்தது தாளம். டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு நொடியும் கொஞ்சமும். சத்தம் அந்தக் கணக்கில் ஒரு நொடிக்கு ஒரு தரம் வந்தால் கோளாறு டிரம்மிலோ, டிரம்மோடு சேர்ந்து சுற்றும் ஒன்றிலோ இருக்கிறது. அதைவிட வேகமாக, ஆனால் எண்ணக்கூடிய அளவில் வந்தால் ரோலர் அல்லது புல்லி. எண்ணவே முடியாமல் ஒரே இரைச்சலாக வந்தால் மோட்டார் அல்லது காற்றாடி. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் அநாவசியமாக எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே உரசுகிறது என்று கைக்குத் தெரியும். அப்படியே டிரம்மின் முன் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் அசைவு இருக்கலாம். விரல் நுழையும் அளவுக்கு மேலே எழும்பினால் கீழே தாங்குகிற ரோலரோ, பின்பக்கத்து பேரிங்கோ தேய்ந்துவிட்டது.

தொம்… தொம்… என்று அடிக்கிறது

தொடங்கிய ஐந்து பத்து நிமிடத்தில் தானாகக் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கவலைப்பட வேண்டாம். டிரம்மின் முழுப் பாரமும் ரோலரின் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும்போது, நெடுநாள் ஷெட்டில் நின்ற வண்டியின் டயர் போல அந்த இடம் தட்டையாகிவிடும். சூடு ஏறி ரப்பர் இளகியதும் வட்டத்துக்கு வந்துவிடும். பெல்ட்டும் அப்படித்தான், புல்லியில் வளைந்து நின்ற வடிவத்தை முதலில் விடாது. மலை வீடுகளில் பருவத்தின் முதல் ஓட்டத்தில் இந்தச் சத்தம் சகஜம். சும்மா கிடக்கும் மாதங்களில் வாரம் ஒரு முறை டிரம்மைக் கையால் கால் சுற்று நகர்த்தி வைத்தால் இது வராது.

சூடான பிறகும் அடிப்பது நிற்கவில்லையென்றால் ரோலரின் ரப்பர் பிய்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் வெடிப்போ, துண்டு போன பள்ளமோ கண்ணுக்கே தெரியும். ரோலர்களை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்று போட்டால் டிரம் சாய்ந்து வேறு இடத்தில் உரசத் தொடங்கும்.

ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு அடி என்றால் பெல்ட்டைப் பாருங்கள். ஓரத்தில் நார் பிரிந்து தொங்கும் இடம் மோட்டார் புல்லியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் படீரென்று தட்டும். இந்தச் சத்தம் வந்தால் பெல்ட் அறுவதற்கு அதிக நாள் இல்லை. பழைய பெல்ட்டின் முதுகில் நீளமும் வரிகளின் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கும். 1975 எச் 7 என்று இருந்தால் 1,975 மில்லிமீட்டர் நீளம், எச் வகை, 7 வரி என்று பொருள். "இதுக்குக் கிட்டத்தட்ட வருதுங்க" என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள். ஒரு வரி குறைந்தாலும் பெல்ட் புல்லியில் சரியாக உட்காராது. மாட்டும்போது வரி இருக்கும் பக்கம் டிரம்மை ஒட்டி இருக்க வேண்டும். மாட்டியபின் கையால் நான்கைந்து சுற்று சுற்றிவிட்டால் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

படுக்கை விரிப்பு, ஜமக்காளம் போன்றவற்றுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெரிய விரிப்பு மற்ற துணிகளையெல்லாம் தனக்குள் சுருட்டிப் பந்தாக்கிக்கொள்ளும். அந்தப் பந்து மேலிருந்து விழும் ஒவ்வொரு முறையும் பொத்தென்று சத்தம் வரும். நிறுத்தி உதறி மீண்டும் போட்டால் சரியாகும். ஒரே நேரத்தில் இரண்டு விரிப்புக்கு மேல் போடாமல் இருப்பது மெஷினுக்கும் நல்லது, துணியும் சீக்கிரம் காயும்.

கிரீச்சென்று கத்துகிறது

ஏற்காட்டில் எனக்கு வரும் போன்களில் இந்தச் சத்தம்தான் அதிகம். எண்ணெய் விட்டே கெடுத்து வைப்பதும் இதைத்தான்.

நாகலூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்கா ஒரு மழை நாளில் கூப்பிட்டார். "தம்பி, மெஷின் ஒரே கத்தலுங்க. தங்கியிருக்கறவங்க தூங்க முடியலன்னு சொல்றாங்க. தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், ரெண்டு நாள் நின்னுச்சு. இப்ப முன்னைக்கும் மேல கத்துது, எண்ணெய் காயற வாடை வேற வருது."

"அக்கா, இனிமே அதை ஓட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கி வைங்க, நான் வந்து பாக்கறேன்" என்றேன்.

திறந்து பார்த்தபோது ரோலர் சுற்றும் இரும்புத் தண்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் இறுகிப் போயிருந்தது. விட்ட எண்ணெயை அங்கே பறந்துகொண்டிருந்த பஞ்சு குடித்து, அரைபட்டு, சூட்டில் வெந்து, தார் போட்டாற்போல ஆகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. ரோலரின் நடுத்துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. தண்டில் உராய்ந்த இடம் நீலம் பாய்ந்திருந்தது; அவ்வளவு சூடு. ஹீட்டர் பெட்டி அதிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் டிரையருக்குள் விடாதீர்கள். டிரையருக்குள் எப்போதும் பஞ்சு பறக்கும். எண்ணெய்ப் பசை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் ஊறிய பஞ்சும் ஹீட்டரும் பக்கம் பக்கமாக இருக்கக் கூடாது. தண்டுக்கு மசகு போடலாம் என்று அந்த மெஷினின் கையேடு சொல்லியிருந்தால் மட்டும், அதிக சூடு தாங்கும் கிரீஸை, தண்டைத் துடைத்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவலாம்.

சரி, கத்துவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின் மூடியையோ பக்க மூடியையோ திறந்து, பெல்ட் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் புல்லியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பெல்ட்டை மோட்டார் புல்லியிலிருந்து கழற்றுங்கள். ஸ்பிரிங் வலுவாக இழுக்கும், விரல் கவனம். இப்போது டிரம்மை மட்டும் கையால் சுற்றுங்கள். அப்போதும் கத்தினால் ரோலர் அல்லது பின்பக்கத்து பேரிங். டிரம் அமைதியாகச் சுற்றினால் அதை விட்டுவிடுங்கள், அதில் குறையில்லை.

அடுத்து டென்ஷன் புல்லியை விரலால் சுண்டுங்கள். சத்தமில்லாமல் வழவழவென்று சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆடினாலோ, கரகரத்தாலோ அதுதான் காரணம். பார்க்கச் சின்ன பிளாஸ்டிக் சக்கரம்தான், ஆனால் மோட்டாரின் வேகத்துக்கு ஈடு கொடுத்துச் சுற்றுவது அது. நான் பார்த்தவரை கிரீச் சத்தத்தில் பாதிக்கு மேல் அதனால் வருகிறது. அதுவும் நன்றாக இருந்தால் காற்றாடியைக் கையால் சுற்றி மோட்டாரைப் பாருங்கள். மண் அரைபடுவது போலக் கையில் உணர்ந்தால் மோட்டார் பேரிங் போயிருக்கிறது. பெல்ட் இல்லாமல் கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை வேண்டாம். கையால் சுற்றினாலே எல்லாம் தெரியும்.

மோட்டார் பேரிங்கை வீட்டில் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள். பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் வைத்திருக்கும் ரீவைண்டிங் கடையில் கொடுங்கள். விசைத்தறிக்கும் பம்பு செட்டுக்கும் பேரிங் விற்கும் கடைகள் சேலத்தில் ஏராளம் என்பதால் இது கிடைக்காத பொருள் இல்லை. பேரிங்கின் ஓரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே கேளுங்கள். 6201 என்றால் உள் விட்டம் 12, வெளி விட்டம் 32, அகலம் 10 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்று இருந்தால் இருபுறமும் இரும்பு மூடி, டூ ஆர் எஸ் என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. பஞ்சு நுழையும் இடத்துக்கு ரப்பர் மூடி நல்லது என்பது என் கருத்து. ஆனால் பழையதில் எது இருந்ததோ அந்த அளவில் கொஞ்சமும் மாறக் கூடாது.

ரோலருக்காகத் திறந்தால் பெல்ட்டையும் டென்ஷன் புல்லியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மூன்றும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றவையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கும். புது ரோலர் போடும் முன் தண்டை நைஸ் எமரி பேப்பரால் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது ரோலரும் ஒரு பருவம் தாங்காது.

உரசுகிறது, தகடு அரைபடுகிறது

டிரம்மின் முன் விளிம்பைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் டிரம்மின் தகடு முன்பக்கத் தகட்டில் நேராக உரசும். காதுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் ஒன்று உண்டு. வெள்ளை வேட்டியிலும் தலையணை உறையிலும் கருப்புக் கோடு விழும், மெல்லிய துணியின் ஓரம் நசுங்கிக் கிழிந்து வரும். துணி அந்த இடுக்கில் மாட்டுகிறது என்று பொருள்.

பட்டையை மாற்றுவது பொறுமையான வேலை. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், புதிதுக்குச் சூடு தாங்கும் பசைதான் போட வேண்டும், ஒரு நாள் முழுக்க உலர விட வேண்டும். மலையில் ஈரக் காற்று என்பதால் நான் இரண்டு நாள் விடச் சொல்வேன். சாதாரண ரப்பர் பசை போட்டால் முதல் சூட்டிலேயே கழன்று வரும்.

பட்டை நன்றாக இருந்தும் உரசினால் பின்பக்கத்து பேரிங் தேய்ந்து டிரம் தாழ்ந்திருக்கும். பின் மூடியைக் கழற்றினால் பேரிங்குக்குக் கீழே இரும்புத் தூள் சிந்தியிருப்பதைப் பார்க்கலாம். இந்தச் சத்தத்தோடு ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். தகடு தகட்டில் உரசினால் பொறி வரும், உள்ளே பஞ்சு இருக்கிறது.

கடகட, கிணுகிணு

கதவைத் திறந்து டிரம்முக்குள் கையை விட்டுத் தடவுங்கள். துணியைத் தூக்கிப் போடும் துடுப்புகள் உள்ளே வெற்றிடமானவை. அதில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக எதுவும் உள்ளே போய்விடும். புடவை ஊக்கு, சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய்க் காசு, ஸ்க்ரூ எல்லாம் எடுத்திருக்கிறேன். எஸ்டேட் வீடுகளில் பழம் பறிக்கும் காலத்தில் காப்பிக் கொட்டையும் மிளகும் வரும். வேலைக்குப் போன சட்டையின் பையில் தங்கியது துவைக்கும்போதும் போகாமல், டிரம் சூட்டில் காய்ந்து, துடுப்புக்குள் புகுந்து, சுற்றுக்கு இரண்டு முறை கடகடவென்று உருளும். துடுப்பின் ஸ்க்ரூவைக் கழற்றி உதறினால் முடிந்தது. சில மாடல்களில் அந்த ஸ்க்ரூ டிரம்முக்கு வெளிப்பக்கம் இருக்கும்.

பஞ்சு வடிகட்டியை வெளியே எடுத்து அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வடிகட்டி கிழிந்திருந்தால் காசும் ஊக்கும் அதன் வழியாகக் காற்றாடிக்குள் விழும். அங்கே விழுந்தது வேகமாக மோதி, காற்றாடியின் பிளாஸ்டிக் இறக்கையை உடைத்துவிடும். இந்தச் சத்தத்தை "போகப் போகச் சரியாகிடும்" என்று விடக் கூடாது.

தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் கடகடத்து, நடுவில் அமைதியாக இருந்தால் காற்றாடியின் நடுத்துளை தேய்ந்திருக்கும். மோட்டார் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதற்கேற்ற வடிவில்தான் துளையும் இருக்கும். அது தேய்ந்து வட்டமாகிவிட்டால் தண்டு உள்ளே வழுக்கும். பசை போட்டு ஒட்டுவது நிற்காது, காற்றாடியை மாற்றுவதுதான் வழி. அதன் நட்டு சில மாடல்களில் எதிர்த் திசையில் கழலும். வராவிட்டால் பலம் கொடுக்காமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

ஹோவென்ற இரைச்சல்

காற்றாடியின் இறக்கைகளில் ஒரு பக்கமாகப் பஞ்சு அப்பினால் எடை சமநிலை போய் மெஷினே அதிரும். மலையில் இது அதிகம். காய்ந்த பஞ்சு காற்றோடு வெளியே பறந்துவிடும், ஈரப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பழைய பல் தேய்க்கும் பிரஷும் வேக்குவம் கிளீனரும் போதும். இறக்கை உடைந்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

காற்றாடி சுத்தமாக இருந்தும் இரைந்தால் வெளியே போகும் குழாயில் அடைப்பு. மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்ததில் குழாய் நசுங்கியிருக்கும், அல்லது வெளி முனையில் எலியோ குருவியோ கூடு கட்டியிருக்கும். தாழ்ந்து தொங்கும் குழாயில் இன்னொன்றும் நடக்கும். உள்ளேயிருந்து வரும் சூடான ஈரக் காற்று, குளிர்ந்து கிடக்கும் குழாயில் பட்டு நீராகி, தொங்கும் வளைவில் தேங்கும். காற்று அதன் வழியாக முட்டிக்கொண்டு போகும்போது களக் களக் என்று சத்தம் வரும். சேலத்து வெயிலில் இதைப் பார்த்ததில்லை, ஏற்காட்டுக் குளிரில் ஒவ்வொரு மழைக்காலமும் பார்க்கிறேன். குழாயைக் கழற்றி நீரைக் கொட்டி, பஞ்சை எடுத்து, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாயும்படி நேராக மாட்டுங்கள். எவ்வளவு குட்டையாக, எவ்வளவு வளைவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வெளி முனையில் இருக்கும் மூடி காற்றடிக்கும்போதெல்லாம் தட் தட் என்று அடிப்பதை மெஷின் கோளாறு என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. மெஷினை நிறுத்திய பிறகும் சத்தம் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை

மோட்டார் ஓடும் சத்தமும் காற்றுச் சத்தமும் வந்து டிரம் மட்டும் நின்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. டிரம்மை ஒரு விரலால் தள்ளினாலே லேசாகச் சுற்றும்.

காற்றுச் சத்தமும் இல்லாமல் ம்ம்ம் என்று உறுமல் மட்டும் வந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் விட்டால் மோட்டார் சுருள் வெந்துவிடும். பிளக்கைக் கழற்றி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். சுற்ற முடியாமல் இறுகியிருந்தால் எங்கோ துணி மாட்டியிருக்கிறது. சுலபமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் பலவீனம், அல்லது வோல்டேஜ் குறைவு. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் எந்த மோட்டாரும் உறுமும். பக்கத்து வீட்டு ஹீட்டரும் உங்கள் வீட்டு கீஸரும் ஓடும் காலை நேரத்தில் மட்டும் இது நடந்தால் காரணம் புரிந்துவிடும். கெப்பாசிட்டரை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

2,000 வாட் ஹீட்டர் மட்டுமே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராக மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம்.

மெஷினே ஆடுகிறது, டக் டக் என்கிறது

நான்கு காலும் தரையில் பதிந்திருக்கிறதா என்று மேல் மூலைகளைக் குறுக்காக அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, பூட்டும் நட்டை இறுக்குங்கள். பழைய பங்களாக்களின் மரத் தரையில் கீழே கனமான பலகை ஒன்று போட வேண்டியிருக்கும். வாஷிங் மெஷின் மேல் அடுக்கியிருந்தால் அதற்கான கிட் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். சுவரில் மாட்டியிருந்தால் போல்ட்டுகளைச் சோதியுங்கள்.

டக் என்று எப்போதாவது வருவது தெர்மோஸ்டாட்டோ ரிலேயோ வேலை செய்யும் சத்தம். சில மாடல்களில் டிரம் நடுநடுவே நின்று எதிர்ப்பக்கம் சுற்றும், அப்போதும் வரும். இரண்டும் இயல்பானவை. டக்டக்டக் என்று விடாமல் வந்தால் கன்ட்ரோல் போர்டில் கோளாறு.

ஈரக் காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே நீராக்கும் கண்டென்சர் மாடலில், அந்த நீரை மேலே ஏற்றும் சின்ன பம்பு விட்டு விட்டு இரையும். நிற்காமல் இரைந்தால் பம்பின் குழியில் பஞ்சு அடைத்திருக்கும்.

செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டி

தடதடவென்று பக்கத்தில் மோதினால் முதலில் துணியைச் சமமாக அழுத்தி, மேலே பிளாஸ்டிக் தட்டை வைத்து ஓட்டுங்கள். அப்போதும் மோதினால் மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்-ரப்பர் தாங்கிகளில் ஒன்று உடைந்திருக்கும். மூன்றையும் மாற்றுங்கள்.

கிரீச் சத்தமும் ரப்பர் தீய்ந்த வாடையும் சேர்ந்து வந்தால் பிரேக் முழுசாக விடுபடவில்லை. மூடியைத் திறந்தால் தொட்டியை நிறுத்துவது ஒரு கம்பியால் இழுபடும் பிரேக். மூடியை மூடிய நிலையில் அந்தக் கம்பி பிரேக் கட்டையைப் பிரேக் சக்கரத்திலிருந்து விலக்கிப் பிடித்திருக்க வேண்டும். கம்பி நீண்டுவிட்டால் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். கம்பியை ஒரு கொக்கி இறுக்கி மாட்டினால் சரியாகும்.

தொட்டிக்கு அடியில் கரகரத்தால் காசோ கர்ச்சீப்போ இறங்கியிருக்கும். சத்தத்தோடு மோட்டார் பக்கம் தண்ணீரும் ஒழுகினால் சீல் போயிருக்கிறது. மோட்டார் நனையும் முன் நிறுத்திவிடுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

தீய்ந்த வாடை, புகை, தொட்டால் ஷாக், அடிக்கடி டிரிப் ஆவது, இவற்றில் எது வந்தாலும் நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே புகை தெரிந்தால் கதவைத் திறக்காமல் மெயினை அணையுங்கள். கதவைத் திறந்தால் காற்று போய் நெருப்பு பற்றும்.

சேலத்திலிருந்து ஆள் மலையேறி வந்து, பார்த்துவிட்டு, சாமான் வாங்க இறங்கி, மறுபடி ஏறினால் உங்களுக்கு இரண்டு நாள் போகும், கூலியும் ஏறும். கதவின் உள் விளிம்பிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். கூடவே மெஷின் ஓடும் சத்தத்தை வெறுமனே ஒரு முறை, துணியோடு ஒரு முறை பதிவு செய்து அனுப்புங்கள். டிரம்மைக் கையால் சுற்றியபோது எப்படி இருந்தது, சூடான பிறகு சத்தம் கூடியதா குறைந்ததா, கடைசியாக எப்போது எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். எண்ணெய் ஏதாவது விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இவ்வளவும் தெரிந்தால் வருகிறவர் சரியான ரோலரும் பெல்ட்டும் பையில் போட்டுக்கொண்டே அடிவாரத்தைத் தாண்டுவார்.